மூன்றாம் பிரகாரம் உலக அதிசயமா? பட்டிமன்றத்துக்குப் போகும் தம்பிக்கு ஒரு கைடின் பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "கல்லூரியில் பட்டிமன்றம். உலக அதிசயம் என்ற பெயருக்குத் தகுதி தாஜ்மகாலுக்கா, ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்துக்கா என்பது தலைப்பு. நான் பிரகாரத்தின் பக்கம். உலக அதிசயம் ஏழு என்கிறார்களே, அந்த ஏழு எவை என்று யார் முடிவு செய்கிறார்கள்? நம் ஊர் ஏன் அதில் இல்லை? உங்களைக் கேட்டால் எந்த ஏழு அதிசயங்களைச் சொல்வீர்கள்?"

முப்பது வருடமாக ராமேஸ்வரத்தில் கைடு வேலை பார்க்கிறேன். அதனால் முதலில் ஒரு பாவமன்னிப்பு. "இதுதான் உலகத்திலேயே நீளமான பிரகாரம்" என்று ஆயிரக்கணக்கான பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் பிரான்சிலிருந்து வந்த ஒரு பெரியவர், "அளந்தது யார், எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நடை சாத்துவதற்கு முன்னால் தெற்குப் பக்கத்தை நானே எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். 270 எட்டு. அதன் பிறகுதான் எதையும் சொல்வதற்கு முன்னால் படிக்க ஆரம்பித்தேன். பட்டிமன்றத்தில் உங்களையும் ஒருவர் அப்படி மடக்குவார். அதற்குத்தான் இந்த நீளப் பதில்.

முதல் கேள்விக்கு வருகிறேன். யாரும் முடிவு செய்வதில்லை. அதிகாரம் உள்ள சபை எதுவும் இதற்குக் கிடையாது. பழைய ஏழும் புதிய ஏழும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காரணத்துக்காகப் போட்ட பட்டியல்கள்.

பழையது கிரேக்கர்களுடையது. அலெக்சாந்தருக்குப் பிறகு கிரேக்கம் பேசுகிற உலகம் எகிப்து வரைக்கும் பாபிலோன் வரைக்கும் விரிந்தபோது, ஊர் சுற்றுகிறவர்களுக்காக உருவானது. அதற்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'தேயாமாட்டா'. 'பார்க்க வேண்டியவை' என்று பொருள். 'அதிசயம்' என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் ஆட்கள் போட்டு வைத்திருக்கிற தல யாத்திரைப் பட்டியல்தானே? அறுபடை வீடு, பஞ்ச சபை, பாடல் பெற்ற தலங்கள், பன்னிரண்டு ஜோதிர்லிங்கம் எல்லாம் என்ன? ஆயுளுக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டிய இடங்களின் கணக்கு. அந்தக் கணக்கில் ராமேஸ்வரம் எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கிறது. கிரேக்கன் நம்மை விட்டுவிட்டான் என்று நாம் வருத்தப்படுவது, ஜோதிர்லிங்கப் பட்டியலில் ஏதென்ஸ் இல்லையே என்று அவன் வருத்தப்படுவதைப் போல.

அந்தப் பழைய ஏழும்கூட நிலையாக இருந்ததில்லை. சீதோன் ஊர்க் கவிஞர் ஆன்டிபேட்டர் பாடிய பட்டியலில் பாபிலோன் கோட்டைச் சுவர் உண்டு, அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் கிடையாது. பின்னால் வந்தவர்கள் சுவரை எடுத்துவிட்டு விளக்கத்தைச் சேர்த்தார்கள். பாபிலோன் தொங்கும் தோட்டம் என்று ஒன்று அங்கே இருந்ததா என்பதே இன்றைக்கும் சண்டை. அது நினிவே என்ற வேறொரு பழைய நகரத்தில் இருந்தது என்று ஸ்டெஃபனி டாலி என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை எழுந்தது கி.மு. 280 வாக்கில். கி.மு. 226இல் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. மொத்தம் 54 வருடம். இந்த 54ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நம் கரைக்கும் அந்தப் பட்டியலுக்கும் ஒட்டே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். வைகை கடலில் சேருகிற இடத்தில் அழகன்குளம் இருக்கிறதே, அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துக்கு ரோமாபுரியில் கிராக்கி இருந்தது. அந்தச் சரக்கு செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதி வழியாக அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து மறுபடி கப்பல் ஏறும். அப்படியென்றால் நம் கடல் முத்து அந்த அதிசயக் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தைக் கடந்துதான் போயிருக்கும். பட்டியல் போட்டவர்களின் பணப்பைக்கு நம்மைத் தெரியும், அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பட்டிமன்றத்தில் இதை ஆரம்பத்திலேயே போடுங்கள், கைதட்டல் நிச்சயம்.

புதிய ஏழு 2007இல் வந்தது. பெர்னார்ட் வெபர் என்ற சுவிஸ்காரர் ஆரம்பித்த தனியார் முயற்சி. இணையத்திலும் தொலைபேசியிலும் எஸ்எம்எஸ்ஸிலும் ஓட்டு வாங்கி, 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் ஒரு கால்பந்து மைதானத்தில் முடிவைச் சொன்னார்கள். சீனப் பெருஞ்சுவர், பெட்ரா, ரியோவின் இயேசு சிலை, மச்சு பிச்சு, சிச்சென் இட்சா, கொலோசியம், தாஜ்மகால். பத்துக் கோடி ஓட்டு என்று சொன்னார்கள். ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் போன் போட்டு ஓட்டுப் போடலாம். எழுபது லட்சம் பேர் இருக்கிற ஜோர்டானிலிருந்து 1.4 கோடி ஓட்டு வந்ததாக அப்போது செய்தி வந்தது. நம் பக்கம் உள்ளாட்சித் தேர்தலில்கூட இவ்வளவு துணிச்சலை நான் பார்த்ததில்லை. எகிப்து, "எங்கள் பிரமிடு ஓட்டுக்கு நிற்குமா?" என்று கோபப்பட்டது. சரி என்று பிரமிடுக்குக் கௌரவ இடம் கொடுத்து ஒதுக்கி வைத்தார்கள். பழைய ஏழில் இன்றைக்கும் நிற்பது அது ஒன்றுதான், அதற்கே இந்த மரியாதை. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யுனெஸ்கோ வெளிப்படையாகவே அறிக்கை விட்டது.

அந்தக் காலத்தில் மதுரைப் பக்கம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி ஒரே ஆரவாரம். ஆரம்பக் கட்டத்தில் கோயிலின் பெயர் அடிபட்டது. இறுதிச் சுற்றுக்குப் போன 21இல் இல்லை. அங்கோர் வாட் அந்த 21இல் இருந்தும் ஏழுக்குள் வரவில்லை. அங்கோர் வாட் தோற்று, 1931இல் கட்டிமுடித்த ஒரு கான்கிரீட் சிலை ஜெயிக்கிற தேர்தல் என்ன தேர்தல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ரியோ சிலையை நான் குறை சொல்லவில்லை. மலை உச்சியில் அது நிற்கிற அழகே தனி. ஆனால் அந்த அழகில் பாதி மலையுடையது.

எதிரணிக்காரர் யுனெஸ்கோ பட்டியலைக் காட்டினால் குழம்ப வேண்டாம். அது 'உலகப் பாரம்பரியச் சின்னம்', அதிசயம் என்ற பேச்சே அதில் இல்லை. 1972இல் போட்ட ஒப்பந்தத்தின்படி அரசாங்கங்கள் விண்ணப்பிக்க வேண்டும், நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள், பத்து அளவுகோல் உண்டு. தாஜ்மகால் 1983இல் வந்தது, மாமல்லபுரம் 1984, தஞ்சைப் பெரிய கோயில் 1987, நீலகிரி மலை ரயில் 2005. ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒன்றும் அதில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறையும் கடற்பசுவும் உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோவின் வேறொரு பட்டியலில் இருக்கின்றன. பெரிய பெருமைதான், ஆனால் அது உங்கள் தலைப்புக்கு வெளியே.

இப்போது பிரகாரம். வெளிப் பிரகாரமான மூன்றாம் பிரகாரத்தில் தூண்கள் 1212. இதில் தகராறு இல்லை. நீளத்தில்தான் தகராறு. வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் ஒவ்வொன்றும் 640 அடி என்று ஒரு கணக்கு, 690 என்று ஒரு கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் 700 என்றார். உள் பிரகாரங்களையும் சேர்த்துக் கூட்டினால் 3850 அடி என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற கணக்கு. வாட்டிகனில் புனித பேதுரு ஆலயத்தின் உள்நீளம் 610 அடி சொச்சம். ஆக, பிரகாரத்தின் ஒரு பக்கமே அதைவிட நீளம். இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் 'உலகிலேயே நீளமானது' என்று மட்டும் வாயை விட்டுவிடாதீர்கள். பெய்ஜிங்கில் கோடை அரண்மனை ஏரிக்கரையில் மரத்தாலான நடைகூடம் ஒன்று இருக்கிறது, 728 மீட்டர். கூகுளில் தட்டினால் முதலில் அதுதான் வரும். நம் பிரகாரங்களின் மொத்த நீளம் 1170 மீட்டர் சுமார், ஆகவே கூட்டிப் பார்த்தால் நாம் மேலே. ஒரே ஓட்டமாகப் பார்த்தால் அவர்கள் மேலே. அவர்களுடையது மரம், பக்கங்கள் திறந்தவை, நம்முடையது தூண் வரிசையும் மேல்தளமுமாக மூடிய கட்டடம் என்று நாம் வாதாடலாம். வாதாடிக்கொண்டே இருக்கலாம். நடுவர் கொட்டாவி விடுவார்.

நீளத்தை வைத்து வாதாடுவதே தப்பு என்பதுதான் நான் சொல்ல வருவது. அடிக்கணக்கில் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் இரண்டு அடி உள்ள ஒன்று உலகத்தில் எங்கேயாவது இருக்கும். தஞ்சாவூர்க்காரர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொண்டார்கள். நிழல் தரையில் விழாது, உச்சியில் 80 டன் ஒற்றைக் கல் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். நிழல் விழத்தான் செய்கிறது. உச்சிக்கல் பல துண்டுகளைச் சேர்த்து வைத்தது. இந்தப் பொய்கள் ராஜராஜனுக்குத் தேவையே இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் 200 அடிக்கு மேல் கருங்கல்லைக் கல்லின் மேல் அடுக்கிக் கோணாமல் நிறுத்தியிருக்கிறான், அதற்கு மேல் என்ன கதை வேண்டும்? சீனச் சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பதும் இந்த ரகம்தான்.

அளவு வேண்டாம் என்றால் வேறு எதைச் சொல்வது? நம் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு. கவனித்தீர்களா, இதில் முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் அதற்கென்று ஒரு அழகைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தேரும் தெருவும் எதற்காக மோத வேண்டும்? நம் கரைக்கு எது அழகு என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டபோது கிடைத்த பதில் இது: இங்கே கனமான எதுவும் கடலைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

ராமேஸ்வரம் தீவைத் தோண்டிப் பாருங்கள். மணல், அதற்குக் கீழே பவளப்பாறைச் சுண்ணாம்புக் கல். கோயில் தூணுக்கு ஆகிற கல் இந்தத் தீவில் விளையாது. மூன்றாம் பிரகாரம் எழுந்தது 18ஆம் நூற்றாண்டில், ரயில் பாலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால். 1212 தூணுக்கும், மேலே போட்ட பாவுகல்லுக்கும், கீழே மேடைக்கும் வேண்டிய கல் அக்கரையிலிருந்து பாம்பன் கால்வாயைத் தாண்டி நீரில் வந்தாக வேண்டும். அந்தக் கால்வாயின் நீரோட்டத்தை நம் பாம்பன் மீனவர்களிடம் கேளுங்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காலி வல்லத்தைக் கொண்டுபோகவே யோசிப்பார்கள். மதுரையிலோ தஞ்சையிலோ தூண் நிறுத்துவது பெரிய வேலை. இங்கே தூண் நிறுத்துவது இரண்டாவது வேலை. கல்லைக் கரை சேர்ப்பதே முதல் வேலை. தம்பி, உங்கள் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். எவ்வளவு பெரியது என்று சொல்லாதீர்கள், எதை மீறிக் கட்டினார்கள் என்று சொல்லுங்கள்.

பெர்குசன் இந்தக் கோயிலைப் பற்றிச் சொன்னதை எதிரணி எடுக்கும், தயாராக இருங்கள். திராவிடக் கலையின் அழகு எல்லாம் உச்சத்தில் சேர்ந்திருப்பதும் இங்கே, அதன் அமைப்புக் குறைகள் எல்லாம் தெரிவதும் இங்கே என்பது அவர் கருத்து. மையத்தை நோக்கி உயர்ந்துகொண்டே போகும் கட்டடத்துக்குப் பழகிய கண் அவருக்கு. பிரகாரம் எதையும் நோக்கி உயர்வதில்லை. சுற்றிவருகிறவனுக்காகக் கட்டியது சுற்றத்தான் செய்யும். இருபத்திரண்டு தீர்த்தத்தில் நனைந்து, ஈர வேட்டியோடு குளிரக் குளிர நடந்து பார்த்திருந்தால் பெர்குசனுக்கும் புரிந்திருக்கும்.

இன்னொன்று, இதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள். தாஜ்மகால் ஏன் உலகம் முழுக்கத் தெரிகிறது? ஒரே பார்வையில் முழுசாகத் தெரிவதால். தபால்தலையில் அடங்கும், சாக்லேட் டப்பாவில் அடங்கும். பிரகாரத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மதில் சுவர். உள்ளே போனால்தான் தெரியும், உள்ளே கேமராவும் செல்போனும் கிடையாது. நிழலும் வெளிச்சமும் மாறி மாறி வர, தூண்கள் ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி ஒரு புள்ளியில் போய் முடிகிற அந்தக் காட்சி நடக்கிறவன் கண்ணுக்கு மட்டுமே. ஓட்டுக்கு நிற்கிற உலகத்தில் இது பெரிய பலவீனம். எனக்கு இதுவே அதன் சிறப்பாகப் படுகிறது. கண்ணைப் பறிக்கும் வர்ணப்பூச்சை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். கல்லின் முகம் தெரியவில்லை. கேட்டால் கும்பாபிஷேகம் என்பார்கள்.

தாஜ்மகாலைத் தாழ்த்திப் பேசி ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது நடக்காது, நியாயமும் இல்லை. யமுனைக் கரை மண்ணில் கிணறு கிணறாக இறக்கி, நிரப்பி, அதன் மேல் அவ்வளவு கனத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். அதுவும் எதையோ மீறிய கட்டடம்தான். எதிரணி "ஷாஜகானின் காதல், கடைசியில் சிறை, ஜன்னல் வழியே தாஜைப் பார்த்தபடி மரணம்" என்று உருக்கினால் உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. பிரகாரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு சிலை நிற்கிறதே, ராமநாதபுரம் அரசர் முத்துராமலிங்க சேதுபதி. இந்தப் பிரகாரத்தை முடித்தவர் என்று நாம் கும்பிட்டுச் சொல்கிறவர். 1795இல் கம்பெனிக்காரர்கள் அவருடைய சீமையைப் பறித்துச் சிறையில் போட்டார்கள். 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். ஷாஜகானுக்காவது ஜன்னல் இருந்தது. சேதுபதிக்கு அவருடைய பிரகாரம் தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி பேசாமல் நில்லுங்கள்.

ராமர் பாலத்தை இழுக்காதீர்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் போகிற அந்த மணல் தீடைகள் பார்க்கப் பேரழகு. ஆனால் அது கட்டியதா, இயற்கையா என்று ஆரம்பித்தால் பட்டிமன்றம் அங்கேயே கலைந்துவிடும், நடுவர் பாவம்.

கடைசிக் கேள்வி: என்னைக் கேட்டால் எந்த ஏழு? இந்த இடத்தில் நான் உங்கள் அணியை விட்டு வெளியே வருகிறேன், கோபிக்கக் கூடாது.

எதை மீறிக் கட்டினார்கள் என்ற அளவுகோலை வைத்தால் பிரமிடு தானாக உள்ளே வருகிறது. நாலாயிரத்து ஐந்நூறு வருடமாக நிற்கிற ஒன்றோடு வாதம் பண்ண முடியாது. பெட்ரா வரும். எல்லோரும் அந்த ரோஜா நிறக் கல்முகப்பைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதிசயம் அவர்களுடைய வாய்க்காலும் தொட்டியும். பாலைவனத்தில் எப்போதாவது பெய்கிற மழையைத் தேக்கி ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனுக்கு இதன் அருமை புரியும், நமக்கும் தண்ணீர்தானே விதி. கண்மாய் கண்மாயாக வெட்டி வைத்த நம் பாட்டன்மாரும் பெட்ராக்காரனும் சந்தித்தால் நிறையப் பேசிக்கொள்வார்கள். மச்சு பிச்சுவும் வரும், 2400 மீட்டர் உயரத்தில் சரிகிற மலையில் சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டியது. தாஜ் வரும். ஓட்டில் தோற்ற அங்கோர் வாட் கட்டாயம் வரும். எல்லோரா கைலாசநாதர் கோயிலைத் தாஜுக்கும் முன்னால் வைப்பேன். மற்றவர்கள் கீழிருந்து கட்டினார்கள், இவர்கள் மலையை மேலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கினார்கள். தப்பாக ஒரு உளி விழுந்தால் ஒட்டவைக்க முடியாது. கொலோசியத்தை விட்டுவிட்டேன், மனிதனை மிருகத்துக்குப் போட்டு வேடிக்கை பார்த்த இடத்துக்கு எவ்வளவு அழகான வளைவு இருந்தாலும் எனக்கு மனம் வரவில்லை. சீனச் சுவர் ஒரே கட்டடம் இல்லை, பல அரச வம்சங்கள் விட்டு விட்டுக் கட்டியது, அதனால் வெளியே. சிச்சென் இட்சாவைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஆறு ஆகிவிட்டது. ஏழாவது நம் கரைக்கு. ஆனால் பிரகாரம் இல்லை, பழைய பாம்பன் தூக்குப் பாலம்.

சிரிக்க வேண்டாம். 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. கடலுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 145 கண் (தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் கண் என்போம்). நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு கையாகப் பிரிந்து எழும்புகிற ஷெர்சர் தூக்கு. மோட்டார் கிடையாது, ஆட்கள் நின்று கையால் நெம்பிச் சுற்றித் தூக்கினார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அதைப் பார்க்கவே வகுப்பை விட்டு ஓடி வந்திருக்கிறேன். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். மண்டபம் ஸ்டேஷனில் வண்டி நின்றால், "கச்சான் கூடிருச்சு போல" என்று பெட்டியில் யாராவது சொல்வார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் உங்களுக்குத் தெரியும். தனுஷ்கோடியை அழித்தது, பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கொண்டுபோனது. அந்தப் புயல் பாலத்தின் 145 கண்ணில் 126 கர்டரை, அதாவது இரும்பு உத்தரத்தை, தூக்கி எறிந்தது. நடுவிலிருந்த தூக்குப் பகுதி மட்டும் நின்றது. பழுதுபார்க்கும் வேலை 32 வயது ஸ்ரீதரனிடம் வந்தது, பின்னால் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர். ஆறு மாதம் என்று கெடு பேசப்பட்டது. கடலடி மணலில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி மறுபடி பொருத்தி 46 நாளில் முடித்தார். அப்புறம் மீட்டர் கேஜுக்காகக் கட்டிய அதே பாலத்தை 2007இல் அகலப் பாதைக்குப் பலப்படுத்தினார்கள். அதாவது உலகம் ஏழு அதிசயத்துக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே வருடம், அதே கோடையில், இங்கே ஒரு கூட்டம் 93 வயதான இரும்பை உப்புக் காற்றில் மறுபடி உழைப்புக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பவில்லை.

2022 டிசம்பரில்தான் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 108 வருடம். இப்போது அந்த 54ஐ எடுங்கள். ரோட்ஸ் சிலை நின்ற காலத்தைப் போல சரியாக இரண்டு மடங்கு. சிலைக்கு நிற்பதைத் தவிர வேலை இல்லை, இது ரயிலைச் சுமந்தது. பிரகாரத்துக்குக் கல் கரை சேர்ந்ததோடு கடலோடு சண்டை முடிந்தது. இதற்கு தினம் தினம் சண்டை. உப்பு, துரு, காற்று, மறுபடி வர்ணம், மறுபடி துரு. ஸ்காட்லாந்தில் 1890இல் கட்டிய ஃபோர்த் ரயில் பாலத்தை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. நம்முடையதைப் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6இல் திறந்து, பழையதைப் பிரிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். புதுப் பாலமும் சாதாரணமில்லை, 72.5 மீட்டர் கண்ணை அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் தூக்குகிறது. ஆனால் அதற்கு இன்னும் ஒரு டிசம்பர் 22 வரவில்லை, வரவும் வேண்டாம்.

இதை நீங்கள் மேடையில் சொன்னால் உங்கள் அணித்தலைவர் உங்களை இறக்கிவிடுவார். அதனால் கேள்வி நேரம் வரைக்கும் பையில் வைத்திருங்கள். யாராவது "ராமேஸ்வரத்தில் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் எடுங்கள். கூடவே கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி பெயரைச் சொல்லி நிற்கிற கல்தூண் பள்ளிவாசலையும், ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களையும் சொல்லலாம். அந்த ஓவியங்களை நம் மாவட்டத்துப் பிள்ளைகளே பாதிப் பேர் பார்த்ததில்லை.

பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரகாரத்துக்கு வந்துவிட்டுப் போங்கள். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு வருகிற கூட்டம் கலைந்த பிறகு, ஆறரை மணிக்கு மேல் தென்மேற்கு மூலையில் நில்லுங்கள், இரண்டு பக்கமும் தெரியும். எட்டு வைத்து எண்ணியும் பாருங்கள். உங்கள் கால் நீளம் என்றால் 250இல் முடிந்துவிடும். பட்டிமன்றம் என்றைக்கு என்று சொன்னால் நானும் பின்வரிசையில் வந்து உட்காருவேன். ஆடி அமாவாசை வாரமாக மட்டும் வைத்துவிடாதீர்கள், அப்போது எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.